இரண்டு கல், அப்புறம் துடைப்பம்

ஐஸ் மேல் கல்லைச் சறுக்கவிட்டு எதிர்முனையில் இருக்கும் வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம் கர்லிங். அதில் இருபது வருடத்துக்கு மேல் லீட், அதாவது அணியில் முதலில் கல் விடுபவளாக, ஆடினேன். எண்டு என்கிற ஒரு சுற்றுக்கு ஓர் அணிக்கு எட்டுக் கல். முதல் இரண்டு என்னுடையவை. வீசுவது என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, கல் ஐஸை விட்டு எழும்புவதே இல்லை. என் இரண்டும் முடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களின் கல் தூரம் போவதற்காக அதன் முன்னால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும். கடைசிக் கல்லில் ஜெயித்தால் பத்திரிகையில் படம் அணித்தலைவரான ஸ்கிப்புக்கு. தோள்வலி எனக்கு.

ஊர் யெல்லோநைஃப். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களுக்குத் தலைநகர். ஜனத்தொகை சுமார் 20,000. குளிர்காலத்தில் மைனஸ் 40 வரை போகும். "அப்ப உங்களுக்கு ஐஸுக்கா பஞ்சம்?" என்று தெற்கே போனால் கேட்பார்கள். கர்லிங் ஐஸ் ஏரியில் கிடைப்பதல்ல. கூரைக்குள் மெஷின் வைத்து உறையவைத்து, மேலே தண்ணீரைத் துளித்துளியாகத் தெளிப்பார்கள். உறைந்த அந்தக் குட்டிக் குட்டிப் புடைப்புகள் மேல்தான் 20 கிலோ கிரானைட் கல் ஓடுகிறது. வெளிக்குளிரால் எங்களுக்கு ஆன ஒரே காரியம், இரவெல்லாம் கார் எஞ்சின் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுத்து வைக்க வேண்டும் என்பதுதான்.

எங்களுக்குப் பஞ்சம் எதிராளிக்கு. வாரம் முழுவதும் அதே முகங்கள். யார் எந்தக் கல்லில் பதறுவார்கள் என்பதுகூட மனப்பாடம். குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டினால் நன்றாக ஓட்டுவதுபோலத்தான் இருக்கும். புது அணியோடு ஆட எட்மன்டன் போகலாம். சாலையில் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். 2012-ல் மெக்கன்ஸி ஆற்றின் மேல் டே சோ பாலம் திறக்கும்வரை, ஆறு உறையத் தொடங்கும் வாரங்களில் படகும் ஓடாது, ஐஸ் சாலையும் தாங்காது. விமானத்துக்குச் சம்பளம் காணாது. நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். தேசியப் போட்டி பிப்ரவரியில். எங்கள் கணக்கு முடிப்பு மார்ச் 31. ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக்கூட வேறெதற்கும் எடுத்ததில்லை.

முதல் தேசியப் போட்டியில் சட்டி உடைந்தது. எங்கள் கிளப்பில், கல்லைக் கைவிட வேண்டிய கிட்டத்து ஹாக் கோட்டைத் தாண்டிய கல் எதிர்முனை வட்டத்தின் நடுக்கோட்டுக்கு வர 22, 23 விநாடி. அந்த அரங்கில் 25. அதிக விநாடி என்றால் வேகமான ஐஸ்; மெல்லத் தள்ளினாலே போய்ச் சேரும். தலைகீழ்க் கணக்குதான். தலைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. ஹவுஸ் என்கிற அந்த வட்டத்துக்கு முன்னால் காவலாக நிற்க வேண்டிய என் கார்ட் கல் நேரே உள்ளே போய் உட்கார்ந்தது. எதிரணி அடித்துத் தள்ளியது. இரண்டாவதும் அப்படியே. ஸ்கிப் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

2014 வரை பக்கத்துப் பிரதேசமான யூகானும் நாங்களும் சேர்ந்து ஒரே அணி அனுப்பினோம். 2015 முதல் தனித்தனி. நியாயம்தான், ஆனால் யூகான்காரர்களோடு முட்டி மோதிய அந்த ஆட்டங்கள் போயின. தேசியப் போட்டிக்குப் போவது சுலபமானது, தயாராகப் போவது கஷ்டமானது.

எங்கள் ஊரில் பிறந்த கெவின் கோ ஆல்பெர்ட்டாவுக்குப் போய் நான்கு முறை பிரையர் என்கிற ஆண்கள் தேசியப் பட்டம், இரண்டு உலகப் பட்டம் ஜெயித்தார். வடக்கிலேயே ஆடிய தம்பி ஜேமி 2012-ல் சாஸ்கட்டூனில் யூகானும் நாங்களும் சேர்ந்த அணியை முதன்முறையாக பிரையர் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். போனது சரியா, இருந்தது சரியா என்று கிளப்பில் காபி ஆறும்வரை பேசுவோம். எனக்கு யாரும் அந்தக் கேள்வியை வைக்கவில்லை. லீடைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு சிறுமி, கார்டுக்கு எவ்வளவு வேகம் என்று கேட்டாள்.

"எந்த ஐஸில்?" என்றேன்.

அவள் திரும்பி எங்கள் கிளப்பை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.