குவாய் பாலத்தை வைத்து அறவியல் தாள் எழுதியபோது

போர்க்காலச் சுரண்டலைக் காட்டும் படம் ஒன்றை எடுத்து அறக் கோட்பாடுகளைப் பொருத்திக் கட்டுரை எழுத வேண்டும் என்று அறவியல் வகுப்பில் சொன்னதுமே நான் யோசிக்காமல் எடுத்தது 1957இல் டேவிட் லீன் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் கைதிகள் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதைக்குப் பாலம் கட்டுவதும், அவர்களின் தலைவர் கர்னல் நிக்கல்சன் அந்தப் பாலத்தையே தன் பெருமையாக்கிக்கொள்வதும்தான் கதை. என் பாட்டி மலாயாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அண்ணன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர், திரும்பி வரவே இல்லை.

முதல் கட்டுரைக்கு 20க்கு 9 கிடைத்தது. கதைச் சுருக்கம் இரண்டு பக்கம், அப்புறம் கடமையைப் பேசும் காண்டுக்கு ஒரு பத்தி, அதிகம் பேருக்கு அதிக நன்மை என்னும் பயன்வாதம் பேசும் மில்லுக்கு ஒரு பத்தி, நற்குணத்தைப் பேசும் அரிஸ்டாட்டிலுக்கு ஒரு பத்தி. "படம் ஒரு பக்கம் நிற்கிறது, கோட்பாடு ஒரு பக்கம் நிற்கிறது" என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து நானே படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி.

அதனால் இப்படிக் கட்டுரை எழுதப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, முழுப் படத்தையும் தூக்கிச் சுமக்காதீர்கள், ஒரே ஒரு காட்சியைப் பிடியுங்கள். நான் பிடித்தது, போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஜெனீவா ஒப்பந்தம் வரும் காட்சி. அதிகாரிகளும் கையால் வேலை செய்ய வேண்டும் என்கிறார் முகாம் தலைவர் சைட்டோ. கர்னல் நிக்கல்சன் ஒப்பந்தத்தை நீட்டுகிறார், அதாலேயே முகத்தில் அடி வாங்குகிறார், வெயிலில் கொதிக்கும் தகரக் கூண்டுக்குள் அடைத்தபோதும் பணியவில்லை. முதல் தடவை இதைக் கடமையுணர்வு என்று எழுதி, காண்டின் பெயரைப் போட்டு முடித்துவிட்டேன். பிறகு 1929 ஒப்பந்தத்தையே தேடிப் படித்தேன். 27ஆம் பிரிவு அதிகாரிகளுக்குக் கட்டாய வேலை கூடாது என்கிறது. நான்கு பிரிவு தள்ளி 31ஆம் பிரிவு இருக்கிறது, கைதிகளின் வேலைக்குப் போர் நடவடிக்கையோடு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது என்று. அந்த ரயில் பாதையோ பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு ஆளும் தளவாடமும் அனுப்பப் போட்டது, அப்படியானால் சாதாரணச் சிப்பாயைக்கூட அந்தப் பாலத்தில் வேலை வாங்கியிருக்கக் கூடாது. அதிகாரிகளைக் காக்கும் பிரிவுக்காக உயிரையே விடத் துணிந்த மனிதர் தன் சிப்பாய்களைக் காக்கும் பிரிவை ஏன் திறக்கவே இல்லை? விதியை எடுத்துப் பேசுகிறவன் தனக்கென்று ஒரு சலுகை வைத்துக்கொள்ளக் கூடாது என்று காண்ட் சொல்வதை இந்த இடத்தில் கொண்டுவாருங்கள், கோட்பாடு காட்சிக்குள் இறங்கிவிடும். ஜப்பான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே தவிர அதை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். சட்டம் கட்டுப்படுத்தாத இடத்தில் அறம் கட்டுப்படுத்துமா என்று கேட்க அது வழிவிடும்.

பயன்வாதத்தை எழுதும்போது நிக்கல்சன் பக்கத்தை முழு வலுவோடு எழுதுங்கள், வெட்டி வீழ்த்த அவசரம் வேண்டாம். ஒழுங்கும் உருப்படியான வேலையும் இருந்தால் ஆட்கள் மனம் உடைய மாட்டார்கள் என்று அவர் நம்புவது முட்டாள்தனம் இல்லை. அதன் பிறகு, இந்தக் கணக்கில் யாரெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகளில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மலாயாத் தமிழர், பர்மியர், சாவகர் என்று ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். படத்தில் பாலம் கட்டுவது வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமே. ஒவ்வொருவரையும் ஒருவராக எண்ணு என்பது பயன்வாதத்தின் அடிப்படை, இந்தப் படமோ இறந்தவர்களில் பெரும்பாலோரை எண்ணவே இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது, ஆனாலும் என் மொத்த விடையில் உயிருள்ள பகுதி இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்தது, மனிதரைக் 'கருவியாக மட்டும் நடத்தாதே' என்ற காண்டின் வாக்கியம். எல்லோரும் இதை எழுதுவார்கள், அதில் 'மட்டும்' என்ற சொல்லைத்தான் விட்டுவிடுவார்கள். கூலிக்கு வேலை வாங்குவதும் ஒருவரைப் பயன்படுத்துவதுதான், சம்மதம் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு. ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் தோட்டத்து ஆட்களை முதலில் அழைத்தபோது கொஞ்ச காலத்து வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள், அப்புறம் போன ஆட்களின் கதி வெளியே தெரிந்து யாரும் முன்வராதபோது வளைத்துப் பிடித்து ஏற்றினார்கள். பொய் வாக்குறுதியை நம்பி வருகிறவர் உண்மையில் எதற்கும் சம்மதிக்கவில்லை என்று காண்ட் விளக்குவது இதற்கு அப்படியே பொருந்தும். வளைத்துப் பிடித்ததைவிட ஆசை காட்டியது எந்த வகையில் குறைந்த குற்றம் என்று கேட்டு அரைப் பக்கம் எழுதினேன்.

அரிஸ்டாட்டிலுக்கு நான்கு வரி போதும். துணிச்சல் இருந்தது, அது எதற்குப் பயன்பட வேண்டும் என்ற விவேகம் இல்லை.

படத்தை வரலாறாக எழுதிவிடாதீர்கள். அந்த ரயில் பாதையில் தாமர்கான் என்ற இடத்தில் உண்மையில் பாலம் கட்டிய கைதிகளின் மூத்த அதிகாரி பிலிப் டூசி. நிக்கல்சனைப் போல அவர் எதிரியின் பாலத்தில் பெருமை தேடவில்லை, கறையான்களைச் சேர்த்து மரத்தில் விட்ட கைதிகளுக்குத் துணை நின்றவர். 'படத்தில் வரும் நிக்கல்சன்' என்றே எழுதுங்கள்.

குடும்பக் கதையைக் கட்டுரையில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரே வரி எழுதினேன், கணக்கில் விடுபட்டவர்களைப் பற்றிய பத்தியில், அந்த வாதத்துக்குச் சான்றாக. கதைச் சுருக்கத்தை ஆறு வரியில் நிறுத்தியதால்தான் அதற்கு இடம் கிடைத்தது.