பாட்காஸ்டுக்குச் சொந்த இசை: பிரவுசரே போதும்

முகப்பு இசைக்கு 10 விநாடி தாராளம். கூகுளின் இசைத் தளமான குரோம் மியூசிக் லேபில் உள்ள சாங் மேக்கர் கருவியில் வேகத்தை 96 (நிமிடத்துக்கு 96 தாளத் தட்டு) வைத்தால், பார் எனப்படும் நான்கு தட்டுப் பகுதிகள் 4 சேர்ந்து சரியாக 10 விநாடி வரும். கட்டங்களைத் தட்டிச் சுரம் போடுங்கள். நான்கைந்து சுரமே அழகு, நெருக்கினால் பேச்சோடு மோதும். வேவ் (WAV) ஒலிக் கோப்பாக இறக்கி, பிரவுசரிலேயே ஒலி பதிந்து தொகுக்கும் பேண்ட்லேப் தளத்தில் ஒரு டிராக்கில் (ஒலித் தடத்தில்) போடுங்கள், குரல் இன்னொன்றில்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: பேச்சு தொடங்கியும் இசை அதே சத்தத்தில் ஓடும். இசை டிராக்கில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் வால்யூம் ஆட்டோமேஷன் கோட்டில் இரண்டு புள்ளி வைத்து, முதல் சொல்லுக்கு ஒரு விநாடி முன்பே 15 முதல் 20 டெசிபெல் இறக்குங்கள். பதியும்போது வயர் ஹெட்போன் போடுங்கள். ஸ்பீக்கரில் ஓடும் இசை மைக்கில் புகுந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. புளூடூத்திலோ ஒலி தாமதமாகக் கேட்கும்.