வன்னிக் கிறவலில் ஒரு செரோவும் ஒரு சி.டி. 100உம்

முத்தையன்கட்டுப் பக்கம் பேராற்று மரவேர்களில் மோட்டார் சைக்கிள் ஏற்றி விளையாடப் போன வழியில், ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் 9,500 ரூபாயைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் காசுக்குப் புதுப் பிளக் ஒன்றும், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கொயில் புதிதாக ஒன்றும் கிடைத்தன. கழற்றி எறிந்த பழையவற்றில் ஒரு குறையும் இல்லை என்பது மறுநாள் பின்னேரம் ஒட்டுசுட்டானில்தான் தெரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வழி, செலவு, சாப்பாடு எல்லாம் வரிசையாக எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். எல்லாம் வரும், வரிசைக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

என்னுடைய மோட்டார் சைக்கிள் பழைய யமஹா செரோ 225. 1985இல் ஜப்பானில் முதலில் வந்த வண்டி, 223 சிசி. வேகத்துக்காகச் செய்ததல்ல. இருக்கை உயரம் குறைவு, பாரம் குறைவு, ஹாண்டில் நன்றாகத் திரும்பும். மரவேர், மணல், பள்ளம் என்று மனிதன் நடக்கிற வேகத்தில் ஏறி இறங்குவதற்கு இதைவிட வசதியான வண்டியை நான் ஓட்டியதில்லை. கால் ஊன்றாமல் கரடுமுரடில் ஏறி இறங்குகிற ட்ரயல்ஸ் போட்டிக்கென்றே செய்த வண்டி வேறு. அதற்கு இருக்கையே கிடையாது, முழு ஓட்டமும் நின்றபடிதான். அப்படியொன்றை இங்கே வாங்க நினைப்பதே வீண். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய செரோவுக்குக் கேட்ட விலையில் ஒரு துண்டு வயற்காணியே வாங்கலாம் போலிருந்தது. கூட வந்த மச்சானிடம் இருப்பது பஜாஜ் சி.டி. 100. சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற வண்டி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சொல்லாவிட்டால் அவன் விடமாட்டான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி வரை எழுத ஒன்றுமில்லை, நல்ல காப்பெற், நல்ல வெயில். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லோரையும் போல நிறுத்திக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். கச்சான் சரை வருடா வருடம் மெலிகிறது, விலை மட்டும் கொழுக்கிறது.

அங்கிருந்து கொஞ்சத் தூரம் போனதும் செரோ இருமியது. இரண்டு இழுவை இழுத்துவிட்டு நின்றுவிட்டது. உதைத்தேன், இல்லை. புளியமர நிழலில் உருட்டிவிட்டுக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் கழித்து ஒரே உதையில் ஸ்ராட். பிறகு கொஞ்சத் தூரம், மறுபடி அதே கதை.

சூடானதும் நின்று ஆறினதும் ஸ்ராட் ஆகிறது என்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் கொயிலைத்தான் சந்தேகிப்பார். சந்தேகப்பட்டது தப்பில்லை. கொயில் பழுதானாலும் இதே மாதிரித்தான் நிற்கும். ஆனால் சந்தேகப்பட்டால் சோதிக்க வேண்டாமா? பிளக்கைக் கழற்றி, தொப்பியோடு எஞ்சின் உடம்பில் தொடவைத்து, ஒரு உதை உதைத்தால் நீலப் பொறி பாய்கிறதா என்று தெரிந்துவிடும். வண்டி நின்றிருக்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும், பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாங்கள் வண்டியைக் கொண்டுபோன ஏ9 கராஜ்காரர் அது ஒன்றும் செய்யவில்லை. டாங்க் மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார், மூடினார். "கொயில் தம்பி, வேற கதையில்லை. ஜப்பான் சாமான், இப்ப எடுக்கேலாது. இது வேற வண்டியின்ர, பொருந்தும்" என்றார். விலை சொன்னார். பேரம் பேசினேன், ஐந்நூறு குறைந்தது. பழைய கொயிலைக் கேட்டேன். "அதை என்ன செய்யப் போறியள்?" என்று குப்பைக்குள் போட்டார்.

வண்டி மாங்குளம் வரை பிசகில்லாமல் ஓடியது. கொயிலால் அல்ல. அந்த மூடியைத் திறந்தாரே, அங்கேயே வைத்தியம் முடிந்துவிட்டது. அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மாங்குளத்தில் டாங்கை முட்ட நிரப்பிக்கொண்டு முல்லைத்தீவு வீதியில் திரும்பினோம். இப்போது முன்னையைவிட அடிக்கடி நின்றது. மச்சான் "பெற்றோலில தண்ணி" என்றான். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேட்டரின் கோப்பையில் அடித் திருகைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தோம். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துமுத்தாக உருண்டு நிற்கும். ஒரு துளி இல்லை. எயார் ஃபில்டரைக் கழற்றினால் செம்மண் மாவாகக் கொட்டியது. சோளகக் காற்றுக் காலத்தில் வன்னிக் கிறவல் றோட்டில் டிப்பருக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்த மாவு தெரியும், பல்லுக்கிடையிலும் அதுதான். தட்டிப் போட்டோம். அதனாலும் பலனில்லை.

இந்த டிப்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மணலும் கிறவலும் ஏற்றிக்கொண்டு உள் வீதிகளில் பறக்கிறார்கள். தார்ப்பாய் மூடுவதில்லை, ஹோர்ன் அடித்தால் நாங்கள் பற்றைக்குள் இறங்க வேண்டும். வீதி போட்டு இரண்டு மாரி கழிவதற்குள் குழி விழுவதற்கு மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

இருட்டுக்கு முன்னால் ஒட்டுசுட்டானில் மச்சானின் பெரியம்மா வீட்டில் ஏறிவிட்டோம். தங்குமிடச் செலவு பூச்சியம். சாப்பாட்டை மட்டும் நான் சுருக்கிச் சொல்ல முடியாது. குளத்து விரால், மண்சட்டியில் பழப்புளி விட்டுக் குழம்பு. சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பொரித்த மோர் மிளகாய். கடைசியில் எருமைத் தயிர், கரண்டி குத்தினால் சரியாமல் நிற்கிற தயிர். "தம்பி, வண்டி நிண்டா நிக்கட்டும், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று பெரியம்மா இன்னொரு அகப்பை போட்டார். கொழும்பில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் மூவாயிரம் கொடுத்துச் சாப்பிட்ட மீன் குழம்பெல்லாம் வெறும் மிளகாய்த் தண்ணீர். அடித்துச் சொல்வேன்.

காலையில், நாங்கள் வந்த வேலையைத் தொடங்கினோம். முத்தையன்கட்டுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பேராறு ஆடி மாதத்தில் பெரும்பாலும் மணல்தான், அங்கங்கே குட்டை. கரையில் மருத மரங்கள், அவற்றின் வேர்கள் தொடை மொத்தத்தில் படிப்படியாக ஆற்றுக்குள் இறங்குகின்றன. ஊர்க்காரர் மாடு சாய்க்கிற தடத்தால் இறங்கி, அந்த வேர்களில் ஏறி, வளைந்து, திரும்ப இறங்குவதுதான் எங்கள் போட்டி.

கணக்கு ட்ரயல்ஸ் கணக்கு. குறித்த துண்டைக் கடக்கும்போது ஒரு முறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ துண்டை முடிக்காவிட்டாலோ 5. குறைந்த புள்ளிக்காரருக்கு வெற்றி. வேகத்துக்கு மதிப்பே இல்லாத மோட்டார் விளையாட்டு இது. ஸ்கொட்லாந்தில் இதற்கென ஆறு நாள் போட்டி நூறு வருடத்துக்கு மேலாக நடந்துவருகிறது, போர்க் காலங்களிலும் கொரோனாக் காலத்திலும் நின்றிருக்கிறது. எங்கள் நடுவர் பெரியம்மாவின் பேரன். மடியில் பாலைப்பழத்தை வைத்துக்கொண்டு, பால் ஒட்டிய உதட்டோடு "அண்ணை, கால் வைச்சிட்டியள்!" என்று கத்துவதில் அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

ஓட்டும் முறை எளிது, பழகத்தான் கடினம். மிதியில் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்வாக விட்டு, வண்டியைக் கீழே தன்பாட்டில் ஆடவிட வேண்டும். அக்சலேற்றரைத் திறந்து மூடி விளையாடாமல் ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, கிளச்சை இரண்டு விரலால் இழுத்தும் விட்டும்தான் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. கண் வேரைப் பார்த்தால் சக்கரமும் வேரில் போய்ச் சிக்கும், வேருக்கு அப்பால் பார்க்க வேண்டும். ரயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும். ட்ரயல்ஸ்காரர் பின் ரயரை 4, 5 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள், அவர்களுடையது ரியூப் இல்லாத ரயர். செரோவின் முன் ரயரில் ரியூப் இருப்பதால் 15க்குக் கீழே போக எனக்குத் துணிவில்லை. குறைத்தால் வேர் முட்டும்போது ரியூப் றிம்மில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். மச்சான் சி.டி. 100இல் காற்றை நன்றாக இறக்கிவிட்டு ஓடினான். இரண்டு ஓட்டையும் விழுந்தது.

விந்தை என்னவென்றால், ஆற்றுக்குள் செரோ ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வன்னியில் சாகசம் என்று தடமில்லாத காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை இங்கே இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும், ஊர்ச் சனமும் மாடும் தினமும் போகிற தடத்தை விட்டு விலகாதீர்கள். குளக்கட்டிலும் அலைகரைக் கல்லிலும் ஏறி ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது விவசாயியின் தண்ணீர். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு ஆற்றில் நிற்காதீர்கள், யானை வரும்.

ஓட்டையான ரியூப்பைத் தூக்கிக்கொண்டு போன இடம்தான் லான்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரம் திருத்துகிற ஐயாவின் கொட்டில். தகரக் கூரை, ஒரு வாங்கில், எண்ணெய் ஊறிய மண் தரை. ரியூப் ஒட்டும்போதே எங்கள் கதையைக் கேட்டார். கொயில் மாற்றியதைச் சொன்னதும் ஒன்றும் சொல்லவில்லை. "டாங்க் நிரப்பினாப் பிறகு கூடவோ, குறையவோ நிண்டது?" என்று மட்டும் கேட்டார். கூட என்றேன். "நல்லா ஓடிப்போட்டு நிக்கேக்க கொண்டாங்கோ."

வீதியில் விரட்டினேன். இருமத் தொடங்கியதும் திருப்பி உருட்டிக்கொண்டு வந்தேன். ஐயா மூடியைத் திறந்தார். 'சூ' என்று காற்று உள்ளே இழுபட்டது எனக்கும் கேட்டது. "இப்ப அடியுங்கோ." ஒரே உதை.

முன்பு வைத்திருந்தவர் போட்ட மூடி அது. டாங்குக்குள் காற்றுப் போக அதிலிருந்து மெல்லிய இறப்பர் குழாய் ஒன்று ஹாண்டில் பக்கம் இறங்குகிறது. ஐயா குழாயின் நுனியை வாயில் வைத்து ஊதினார், கன்னம்தான் உப்பியது. பிறேக் கேபிளின் ஒற்றை நரம்பை உள்ளே விட்டுக் கிண்டினார். சிவப்பாக, பயறளவில் காய்ந்த மண் உருண்டை ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. "குளவி" என்றார். வண்டி வீட்டில் நின்ற காலத்தில் கூடு கட்டியிருக்கிறது.

பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலைப் பிடித்து இழுக்கும், காபரேட்டர் வற்றிப்போகும். சும்மா விட்டால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து வண்டி மறுபடி ஓடும். டாங்க் நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு, ஆகவே கெதியில் நிற்கும். ஆற்றுக்குள் மெதுவாக ஓடும்போது பெற்றோல் செலவு குறைவு, அதனால் நிற்கவில்லை. எல்லாம் பொருந்தியது. ஆகவே உங்கள் வண்டியும் ஓடி ஓடி நின்றால், பேர்சைத் திறக்க முன் மூடியைத் திறந்து பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பொறியைப் பாருங்கள். பொறியும் இருந்தால் காபரேட்டர் கோப்பைத் திருகைத் திறந்து பெற்றோல் விடாமல் வருகிறதா, வரவர மெலிகிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் ஒரு ஸ்குரூ டிறைவரும் பிளக் சாவியும் போதும்.

ஐயா ரியூப் ஒட்டியதற்கும் குழாய்க்கும் சேர்த்து 400 ரூபாய் எடுத்தார். ஐந்நூறு நீட்டினேன், மீதி நூறை எண்ணித் தந்தார்.

திரும்பும்போது புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தன் வந்தோம். செரோ ஒரு இருமல்கூட இருமவில்லை. பரந்தனில் தேத்தண்ணிக் கடையில் பெற்றோல் கணக்குப் பார்த்தபோது, என் செலவு மச்சானுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொயில் காசைச் சேர்க்காமலே. வேர் ஏற்றத்திலும் அவன்தான் குறைந்த புள்ளி. சி.டி. 100ஐப் பற்றி எழுதுவதாகச் சொன்னேனே, எழுதிவிட்டேன். தேத்தண்ணிக்கும் வடைக்கும் நானே கொடுத்தேன், 360 ரூபாய்.