பல்கனிச் சாடியில் மிரக்கிள் பழம்

மிரக்கிள் பழத்தை மென்றபின் தின்னும் புளிப்பெல்லாம் நாக்கில் இனிக்கும். அந்தச் செடிக்கு நிலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொழும்பில் அதற்குப் பூச்சாடிதான் நல்ல இடம். அது புளிப்பு மண்ணில் வாழும் செடி. மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.5க்கும் 5.8க்கும் இடையில் இருந்தால்தான் இலை பச்சை மாறாமல் நிற்கும். கட்டட வேலையில் சீமெந்தும் சுண்ணாம்பும் கலந்துபோன வளவு மண்ணை அப்படி மாற்றி வைத்திருப்பது பெரும்பாடு. சாடியிலோ நாம் போட்டதுதான் மண். கழுவிய தென்னந்தும்புத் தூள், உக்கிய இலை, கொஞ்சம் ஆற்றுமணல். என் செடி இதில்தான் நிற்கிறது.

தண்ணீரில்தான் கூடுதல் கவனம் வேண்டும். குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்புச் சேர்ந்து இலை நுனி கருகும். நான் மழைநீரை வாளிகளில் பிடித்து வைக்கிறேன். வாளிக்கு மூடி கட்டாயம். சாடியின் கீழ் தட்டு வைக்கவே வேண்டாம், இரண்டு செங்கல் போதும். டெங்கு நுளம்பு பெருக ஒரு கரண்டித் தண்ணீர் போதுமே. எங்கள் கீழ்மாடியில் கைக்குழந்தை இருக்கிறது.

பிறகு காற்று. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பல்கனி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் சாடியைச் சமையலறைப் பக்கத்து இளவெயிலுக்கு நகர்த்திவிடுவேன். நிலத்தில் நட்ட செடியை எங்கே நகர்த்துவது?

இது மேற்கு ஆப்பிரிக்காவின் புதர். 1725இல் அங்கே போன பிரெஞ்சுக்காரர் தே மார்ஷே, மக்கள் சாப்பாட்டுக்கு முன் இந்தப் பழத்தை மெல்வதைக் கண்டிருக்கிறார். ஆனால் குடும்பம் நமக்குப் பழகியதுதான். வன்னிக் காட்டின் பாலை, மகிழ், இலுப்பை எல்லாம் இதன் சொந்தங்கள். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பையேதான்.

பழம் கோப்பிப் பழத்தைப் போலச் சிவந்து நீண்டிருக்கும். தனியே தின்றால் பெரிய சுவை இல்லை. அதிலுள்ள மிராக்குலின் என்ற புரதம் நாக்கின் இனிப்பு உணரிகளில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். புளிப்பு வந்து சேர்ந்தவுடன் அவற்றைத் தூண்டிவிடும். 1968இல்தான் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். சூடுபட்டால் அது கெட்டுவிடும், ஆகவே சமைக்கக் கூடாது. சதையை நாக்கு முழுவதும் புரட்டி, உடனே தேசிக்காய்த் துண்டைக் கடிக்க வேண்டும்.

"சீனியில் ஊறவைத்தாயா பிள்ளை?" என்று அப்படிக் கடித்துப் பார்த்த அம்மம்மா கேட்டார். நீரிழிவுக்காரர், இனிப்பென்று முகம் மலர்ந்து எதையும் தின்று பல காலம். அந்த முகத்தைப் பார்த்ததற்காகவே இந்தச் செடியை எல்லோரும் வளர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் இனித்தாலும் தேசிக்காய் தேசிக்காய்தான். பல்லுக்கும் வயிற்றுக்கும் அதன் புளிப்பு குறைவதில்லை, அதனால் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டோம்.

பொறுமை வேண்டும். விதையிலிருந்து காய்க்க 3, 4 ஆண்டுகள் ஆகும். விதையைக் காயவைத்துச் சேமிக்கவும் முடியாது, சில நாட்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். விதை கேட்கும் அயலவர்களிடம், பழம் சிவக்கும்போது சொல்கிறேன், மண் நிரப்பிய சாடியோடு வாருங்கள் என்கிறேன்.