ஆறாம் தலைமுறைக் கணினியில் விண்டோஸ் 10: மாற்றுவதா, வைத்திருப்பதா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மறுநாளும் கணினி வழக்கம்போலவே ஓடியது, இன்னும் பல ஆண்டுகள் ஓடவும் செய்யும். நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான். இதில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. விண்டோஸ் டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்பது உண்மை. ஆனால் அது திருடனின் முகத்தைக் காவலாளிக்குக் காட்டுவது மட்டுமே. இயங்குதளத்தில் புதிதாகத் தெரியவரும் ஓட்டையை அது அடைக்காது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு இந்த வித்தியாசம் பெரியது.

கையில் இருந்தது 2015-இல் வெளியான, ஆறாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5-6500 பிராசசர், எச்110 மதர்போர்டு, ஒற்றை 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகள் ஏராளம். விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டா என்று சொல்லும் ‘பிசி ஹெல்த் செக்’ கருவியைத்தான் எல்லோரும் முதலில் ஓட்டுகிறார்கள். அந்த வரிசை தவறு. முதலில் பார்க்க வேண்டியது ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை. இயங்குதளத்தை மேலேற்றும்போது பல ஜிபி கோப்புகள் இறங்கி, விரிந்து, பழையவை ஓரமாக நகர்த்தப்பட்டு, புதியவை எழுதப்படும். மெலிந்துபோன டிஸ்க் அந்தச் சுமையில்தான் உயிரை விடும். பாதி வழியில் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறந்தால் ஒரு நீண்ட பட்டியல் வரும். அதில் நான்கு வரிகள் போதும். 05 என்பது பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 சரிசெய்ய முடியாதவை. சி7 பெரும்பாலும் டிஸ்க்கின் குறையல்ல. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருந்தால் ஏறும், கேபிளை மாற்றினால் ஏற்றம் நின்றுவிடும். ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: கடைசி நெடுவரிசையில் வரும் எண்கள் பதினாறடிமானத்தில், அதாவது பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் இருக்கும். இந்தக் கணினியில் சி5-க்கு நேராகப் பூஜ்யங்களுக்குப் பின்னால் 18 என்று நின்றது. அது பதினெட்டு அல்ல, இருபத்து நான்கு. நிரலின் மெனுவிலேயே பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சி5-இல் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் புதிய இயங்குதளத்தை ஏற்றும் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது ரேம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போனால் ‘கமிட்டட்’ என்று இரண்டு எண்கள் தெரியும். வழக்கமாகத் திறக்கும் உலாவி டேப்கள், வேர்டு கோப்பு எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும். முதல் எண் உங்கள் ரேமின் அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தால், விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹார்ட் டிஸ்க்கோடு 4 ஜிபி ரேம் சேர்ந்தால் கணினி திணறுவது இதனால்தான். ‘விண்டோஸ் பழசாகிவிட்டது, அதுதான் மெதுவாக இருக்கிறது’ என்று சொல்லப்படும் கணினிகளில் பலவற்றுக்கு நோய் இதுவே. இயங்குதளத்தை மாற்றினால் இது தீராது. விண்டோஸ் 11 போட்டால் கூடும். அதே திரையில் எத்தனை ரேம் துளைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதும் தெரியும், பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

ஆகவே எந்த இயங்குதளம் என்று முடிவெடுப்பதற்கு முன்பே இரண்டு செலவு உறுதியானது: ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி, இன்னொரு 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-இலேயே இருந்தாலும், 11-க்குப் போனாலும், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போனாலும் இவை வீணாகாது. அதே வேக அளவுள்ள ரேமை இரண்டாம் துளையில் போட்டால் இரட்டைத் தடத்தில் வேலை செய்யும். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிடிஆர்3 வேறு, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேறு. டிடிஆர்3எல் கேட்கும் மடிக்கணினியில் சாதா 1.5 வோல்ட் டிடிஆர்3 செருகினால் பெரும்பாலும் திரையே வராது.

இனி தகுதிச் சோதனை. விண்டோஸ் 11 கேட்பவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதிய முறை), செக்யூர் பூட் வசதி (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் எழவிடுவது), டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசசர். பட்டியல் மோட்டாமோட்டமாக இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி ரைசன் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது.

‘டிபிஎம் இல்லை’ என்று கருவி சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். பல மதர்போர்டுகளில் அது பயாஸில், அதாவது கணினி எழும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் தேட வேண்டும். இந்த எச்110 போர்டிலும் பிடிடியை இயக்கியதும் டிபிஎம் வரி பச்சையானது. செக்யூர் பூட் அவ்வளவு சுலபமில்லை. விண்டோஸ் பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கும், யூஇஎஃப்ஐ-க்கு வேண்டியது ஜிபிடி வடிவம். பயாஸில் பழைய முறைக்கு இடம்கொடுக்கும் சிஎஸ்எம்-ஐ அணைத்து யூஇஎஃப்ஐ-க்கு மாற்றிய மறுகணம் ‘பூட் செய்ய எதுவும் இல்லை’ என்று நிற்கும். பயப்பட வேண்டாம், சிஎஸ்எம்-ஐ மறுபடி இயக்கினால் பழையபடி வரும். முறையான வழி, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் சரிபார்ப்பை மட்டும் ஓட்டி, தேறினால் மட்டுமே டிஸ்க்கை மாற்றுவது. டிஸ்க்கில் ஏற்கெனவே நான்கு பிரைமரி பார்ட்டிஷன்கள் (முதன்மைப் பிரிவுகள்) இருந்தால் தேறாது, ஏனென்றால் பூட் ஆவதற்கான புதிய பார்ட்டிஷனுக்கு இடம் வேண்டும். இன்னொரு ஆபத்து, தனி கிராஃபிக்ஸ் கார்டு மிகப் பழையதாக இருந்தால் சிஎஸ்எம் அணைந்ததும் திரை முழுக்க இருட்டாகிவிடும், பயாஸுக்குள்கூடப் போக முடியாது. கார்டைக் கழற்றி, போர்டிலுள்ள காட்சித் துளையில் கேபிளைச் செருகினால் வெளியே வரலாம். அந்தத் துளை இல்லாத கணினியில் சிமாஸ் அமைப்புகளை, அதாவது போர்டில் சேமித்த பயாஸ் அமைப்புகளை, அழிக்க வேண்டியிருக்கும்.

ஐ5-6500 மற்ற எல்லாவற்றிலும் தேறி, பிராசசர் வரியில் மட்டும் நின்றது. 6-ஆம் தலைமுறை பட்டியலில் இல்லை, அதற்கு பயாஸில் மருந்தும் இல்லை.

சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐப் போட வழி உண்டு. ரூஃபஸ் நிரலில் பென் டிரைவ் தயாரிக்கும்போதே அதற்கான பெட்டி வரும். இந்தக் கணினியில் அது ஓடும் என்பதிலும் சந்தேகமில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு பாப்கவுன்ட், எஸ்எஸ்இ4.2 என்ற பிராசசர் ஆணைகள் கட்டாயம். கோர் 2 டுவோ காலத்துப் பிராசசர்களில் அவை இல்லாததால் அங்கே பூட் ஆகவே ஆகாது, ஐ5-6500-இல் இருக்கின்றன. இருந்தும் இந்த வழி வேண்டாம் என்றே முடிவானது. தகுதியற்ற கணினிக்கு அப்டேட் பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்கிறது. மாதாந்திரத் திருத்தங்கள் இன்று வந்தாலும் நாளைக்கு உத்தரவாதம் கிடையாது. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கோப்பை இறக்கி, சோதனையைத் தாண்டிக் கையால் ஏற்ற வேண்டும். ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம்தான். கணினியில் ஆர்வமுள்ளவர் தன் மேசையில் இதைச் செய்துகொள்ளலாம். வீட்டில் பெரியவர்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் கணினியில் இதைச் செய்து கொடுப்பது அவர்களுக்குத் தெரியாமல் ஒரு கடனை ஏற்றி வைப்பது போன்றது.

மிஞ்சியவை இரண்டு: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட், அல்லது லினக்ஸ்.

நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், புது வசதி எதுவும் வராது. 30 டாலர் கட்டலாம், 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப் வழியாக அமைப்புகளை ஒத்திசைத்து இலவசமாகப் பதியலாம். எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். பதிவு செய்யும் இணைப்பு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வரும். வரவில்லை என்றால் முதலில் பதிப்பைப் பாருங்கள்: விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 அல்லாத எதிலும் அது தோன்றாது. நிலுவையிலுள்ள அப்டேட்களை எல்லாம் முடித்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த பிறகே தேட வேண்டும்.

இங்கே முடிவு இப்படி அமைந்தது: புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10-ஐச் சுத்தமாக நிறுவி, நீட்டிப்பில் பதிந்து, அந்த அவகாசத்தில் லினக்ஸைப் பழகிப் பார்ப்பது.

ஏன் குளோன் செய்யவில்லை, அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கவில்லை? 1 டிபி டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு குளோன்ஸில்லா நிரல் நேரடியாக நகலெடுக்காது, போகுமிடம் குறைந்தது அதே அளவு இருக்க வேண்டும் என்று கேட்கும். பார்ட்டிஷனைச் சுருக்கலாம்தான், ஆனால் சி5 செக்டர்கள் உள்ள டிஸ்க்கில் கோப்புகளை இங்குமங்கும் நகர்த்தச் சொல்வது தானே போய் வம்பை வாங்குவது. ஆகவே முதலில் தேவையான கோப்புகள் மட்டும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கப்பட்டன, முக்கியமானவை முதலில் என்ற வரிசையில். படங்கள், ஆவணங்கள் யாருக்கும் மறக்காது. மறப்பவை வேறு: உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக் மின்னஞ்சல்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பு, கணக்கு நிரலின் தரவுக் கோப்புறை, டெஸ்க்டாப்பில் கிடப்பவை, பிறகு பழைய தமிழ் எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய பழைய கடிதங்களைப் புதிய நிறுவலில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்பையும் எடுத்து வைத்தால் அந்தக் கஷ்டமில்லை. நெட்வொர்க் டிரைவரையும் பென் டிரைவில் போட்டுக்கொள்ள வேண்டும். நிறுவி முடித்த பிறகு இணையம் இல்லாமல் இணைய டிரைவரைத் தேட முடியாது.

நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் நிறுவி சில சமயம் பூட் பார்ட்டிஷனைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டு, விண்டோஸை மட்டும் எஸ்எஸ்டியில் வைக்கும். எல்லாம் நன்றாக ஓடும். மூன்று மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கை எடுத்தால் கணினி எழாது, எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று தோன்றும்.

பென் டிரைவ் குறைந்தது 8 ஜிபி. பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை வரும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதைத் தொட்டால் டிஸ்க் மறுபடி எம்பிஆர் வடிவில் அமைந்துவிடும். உரிமச் சாவி கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று கடந்துவிடலாம், ஏற்கெனவே செயல்படுத்தப்பட்ட விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு இணைந்தது. முன்பு இருந்த அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் இணையம் கிடைத்ததும் தானே செயல்படும்.

பழைய போர்டுகளில் இன்னொன்று: போர்டிலுள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை மின்சாரத்தைத் துண்டிக்கும்போதும் தேதி பின்னுக்குப் போகும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது. இணையதளங்கள் திறக்காது, அப்டேட் பிழை காட்டும். புதிய நிறுவலில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவியவர்கள் உண்டு. பேட்டரியை மாற்றப் பத்து நிமிடம் போதும்.

இனி லினக்ஸ். அதன் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தாலே தாராளம். நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அப்போது வேகத்தை வைத்து எடை போடாதீர்கள், பென் டிரைவ் மெதுவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியவை வேறு: வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, தூங்கவைத்து எழுப்பினால் திரை திரும்ப வருகிறதா, பிரின்டர் அச்சிடுவதோடு ஸ்கேனும் செய்கிறதா. பிராட்காம் வைஃபை சில்லுகள் முதலில் தென்படாமல் போகலாம். கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (கைபேசியின் இணையத்தைப் பகிர்வது) கொடுத்து, டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரை இறக்கினால் பெரும்பாலும் சரியாகும். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு நிரல் தொகுப்புகள் வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைப்பதானால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுமையாக மூடாமல் உறக்கத்தில் நிற்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனில் எழுத முடியாது.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட கணக்கு நிரல் இவற்றை நம்பியிருக்கும் வீட்டில் லினக்ஸை முதன்மையாக்க முடியாது. இந்தக் கணினியில் அந்தத் தடை இல்லை. உலாவி, ஆவணங்கள், பிரின்டர் மூன்றும் மின்டில் முதல் வாரத்திலேயே தேறின. ஸ்கேனர் மட்டும் இன்னும் விண்டோஸ் பக்கம்தான் எழுகிறது. அது தீரும் வரை எஸ்எஸ்டியில் இரண்டு இயங்குதளங்களும் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கு வெளியே, மேலே தேதி எழுதிய தாளோடு, தனியே இருக்கிறது.