118ஆம் ஃபிரேம்

நவம்பர் 4, செவ்வாய்

தங்கை பாப்பாவுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காலை பிளேட்லெட் எண்ணிக்கை 1,10,000. காய்ச்சல் 103. அம்மா ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருக்கிறார். நான் லேப்டாப்பைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துத் திறந்தேன்.

ஏற்காட்டு மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, கையில் கேமராவைப் பிடித்து நடந்தபடி எடுத்த ஷாட். வளைவில் கணினியில் உருவாக்கிய ஒரு காட்டுமாடு நிற்க வேண்டும். நிற்கிறது, ஆனால் குளம்பு தாரில் ஊன்றவில்லை. கேமரா நகர நகர வழுக்கிக்கொண்டே போகிறது. டிராக்கிங் (படத்தில் புள்ளிகளைத் தொடர்ந்து கேமராவின் அசைவைக் கணக்கிடுவது) செய்து அனுப்பியவர்கள் சால்வ் எரர், அதாவது அந்தக் கணக்கின் பிழை, 0.21 பிக்சல் என்று எழுதியிருக்கிறார்கள். 0.21!

நவம்பர் 5, புதன்

62,000.

நவம்பர் 5, இரவு

தூக்கம் வரவில்லை, 0.21 மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. ஒரு பிக்சலுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை, 0.3க்கும் கீழே போனால் அருமை என்பார்கள். கொடுத்த புள்ளிகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. திறந்து பார்த்தால் மார்க்கர், அதாவது அந்தப் புள்ளிகள், எல்லாம் தூரத்துச் சில்வர் ஓக் மரங்களின் மேல். அவ்வளவு தூரத்தில் இருப்பது நாலு அடி நடந்தாலும் இடம் மாறித் தெரியாது. கேமரா எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அதிலிருந்து கச்சிதமாகக் கணக்கிடலாம், எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கணக்கிட முடியாது. மாடு நிற்பதோ கிட்டத்தில், ரோட்டில். ரோட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஏன் இல்லை என்பதும் தெரிகிறது. 118ஆம் ஃபிரேமில் எடுத்தவரின் கால் இடறியிருக்க வேண்டும். கேமரா வெட்டித் திரும்புகிறது, கிட்டத்தில் இருக்கும் எல்லாம் இழுபட்டுக் கலங்குகிறது, மார்க்கர் அங்கே செத்துவிடுகிறது. உயிரோடு தாண்டுவது மலை மட்டும்தான்.

பாப்பா தண்ணீர் கேட்டாள். மூன்று வாய் குடித்தாள்.

நவம்பர் 6, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது! அம்மா சாமி படத்துக்குக் கும்பிடு போட்டார். பெரியம்மா பப்பாளி இலைச் சாறோடு வந்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

டாக்டர் வந்து, "இனிமேல்தாங்க கவனமா இருக்கணும்" என்றார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற நேரமாம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், இதில் எது வந்தாலும் உடனே கூப்பிடச் சொன்னார். எண்ணிக்கை 34,000. பிளேட்லெட் ஏற்ற வேண்டாமா என்று கேட்டேன். ரத்தக் கசிவு இல்லாமல் எண்ணை மட்டும் பார்த்து ஏற்றுவதில்லை, 10,000க்குக் கீழே போனால் யோசிப்போம் என்றார். அவர் பார்ப்பது பிசிவியை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை. அது ஏறினால் ரத்தம் கெட்டியாகிறது, நீர் வெளியே போகிறது என்று பொருள்.

நெற்றி சில்லென்று இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

31,000. பிசிவி ஏறவில்லை. வயிறு வலிக்கிறதா என்று மணிக்கொரு தரம் கேட்டேன். "நீ கேக்கறதுதான் வலிக்குதுண்ணா" என்றாள்.

துணி எடுக்க வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பஸ் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டியது. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய இடம். 1940இலேயே பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியவர்கள். அந்தக் காலத்து இரட்டை வேடம் என்றால் கேமராவை இம்மி அசையாமல் பூட்டி, ஃபிரேமில் பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி மறுபாதியை எடுப்பது. கேமரா அசையக்கூடாது என்பதுதான் சட்டமே. இன்று அசையவும் வேண்டும், மாடு நிற்கவும் வேண்டும். பஸ்ஸில் நின்றபடி இதையே நினைத்துக்கொண்டு வந்ததில் அஸ்தம்பட்டி போனதே தெரியவில்லை.

இரவு பழைய மார்க்கரையெல்லாம் வைத்துக்கொண்டே, வளைவோரத் தடுப்புக் கற்களில் புதிதாகப் போட ஆரம்பித்தேன். கறுப்பும் மஞ்சளும் சந்திக்கும் மூலைகள் நல்ல மூலைகள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குக் கணக்கைத் தொடங்கும் இரண்டு ஃபிரேமிலும் பொதுவாகக் குறைந்தது 8 புள்ளி போதும், ஆனால் கிட்டத்தில் சில, நடுவில் சில, தூரத்தில் சில என்று ஆழத்துக்கு ஆழம் இருக்க வேண்டும். கலங்கிய ஃபிரேம்களில் தானாக ஓட விடவில்லை, ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன். இழுபட்ட கோட்டின் நடுவில், எப்போதும் நடுவில். ஒன்றில் முனையிலும் ஒன்றில் நடுவிலும் வைத்தால் கேமரா நடுங்கும்.

நவம்பர் 8, சனி

எரர் 0.48. மாடு நிற்கிறது!

பழைய எண்ணைவிட இரண்டு மடங்குக்கு மேல், குளம்போ தாரை விட்டு நகரவே இல்லை. பாப்பாவிடம் காட்டினேன். "மாடு நிக்குது, ஆனா ரோட்டைவிட அதுதான் ரொம்பக் கலங்கித் தெரியுது" என்றாள். உண்மைதான். எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றிவிட்டது.

படப்பிடிப்புக் குறிப்பில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று இருக்கிறது. அதாவது அரை ஃபிரேம் நேரம், பிளெண்டரில் 0.5. குறிப்பை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தையே அளந்தேன். ஒரு வெள்ளைப் புள்ளி அடுத்த ஃபிரேமுக்குள் 40 பிக்சல் நகர்கிறது. அதன் இழுபட்ட கோடு 10 பிக்சல்தான். நாலில் ஒன்று. எடுத்தது 1/100இல். 0.25 போட்டேன், மார்க்கரை நடுவில் வைத்ததால் மோஷன் பிளரும் (அசைவில் வரும் கலங்கல்) ஃபிரேமின் நடுவில். மாடு ரோட்டோடு சேர்ந்துகொண்டது.

எண்ணிக்கை 48,000. இட்லி ஒன்றரை சாப்பிட்டாள். தட்டுவடை செட் வேண்டுமாம்! இப்போது கிடையாது.

நவம்பர் 9, ஞாயிறு

ரெண்டர் (இறுதிப் படம் உருவாக்குவது) வேறொருவர் செய்கிறார். கேமராவை எஃப்பிஎக்ஸ் கோப்பாக அனுப்பியிருந்தேன். வந்ததைப் பார்த்தால் மற்ற எல்லா ஃபிரேமும் சரி, 117உம் 118உம் மட்டும் நாசம். மாடு படம் முழுக்கத் தீற்றலாகச் சுழன்றிருக்கிறது. மறுபடியும் 118. இடறல்தான் காரணம் என்று மதியம் முழுக்க அங்கேயே மார்க்கரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். தீற்றல் அசையவில்லை.

இரவு 11 மணி

அனுப்பிய கோப்பையே புதிதாக உள்ளே இழுத்து கிராஃப் எடிட்டரைத் திறந்தேன். சுழற்சிக் கோடு 117இல் 179.6 டிகிரி, 118இல் மைனஸ் 179.8. இரண்டும் ஏறக்குறைய ஒரே திசைதான், நடுவில் ஒரு டிகிரிகூட இல்லை. ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தால் குறையே தெரியாது. மோஷன் பிளர் மட்டும்தான் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் எட்டிப் பார்க்கிறது. அங்கே கோடு 180லிருந்து மைனஸ் 180 வரை மொத்தச் சுற்றும் சுற்றுகிறது. இடறல் செய்தது கேமராவை அந்த எல்லையைத் தாண்டத் தள்ளியது மட்டுமே.

கோப்பை உள்ளே இழுத்ததும், கோணம் இப்படித் தாவுவதைச் சரிசெய்யும் ஆய்லர் ஃபில்டரை ஓட்டச் சொல்லி ரெண்டர் செய்பவருக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

92,000. நாளைக்கு வீட்டுக்கு.

117, 118 இரண்டும் சுத்தம்.

நவம்பர் 11, செவ்வாய்

டிஸ்சார்ஜ் சீட்டுக்காகக் காத்திருக்கும்போது அடுத்த ஷாட் வந்தது. சேர்வராயன் கோயில் பக்கம், முழுக்கப் பனி. இரண்டு கம்பமும் ஒரு பாறை விளிம்பும்தான் தெரிகின்றன, அதுவும் நாற்பது ஃபிரேமுக்கு. மாமாவைக் கூப்பிட்டு, மேலே போகிறபோது கம்பத்துக்கும் பாறைக்கும் உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்து, கேமரா வைத்த உயரத்தையும் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.