சுகர் மிஷின் கையில் இருக்கும்போது

ஜனவரி 6, 2025, திங்கள்

வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கிற சுகர் மிஷின் தயாரிக்கிற ஒரு கம்பெனியின் இணையதளத்தை மாற்றியமைக்கும் வேலை. டிசைன், ரிசர்ச் இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு. காலைக் கூட்டத்தில் பாதி நேரம் முகப்புப் பக்கத்துப் படத்திலேயே போயிற்று. சிரிக்கிற தாத்தாவைப் போடலாமா, ஓடுகிற இளைஞனையா?

தேடல் பதிவுகளை எடுத்துக் காட்டினேன். முகப்பு வழியாக வருகிறவர்களே குறைவு. 'ஈ-3 காட்டுது' (மிஷின் திரையில் வரும் பிழை எண்), 'லேப்ல ஒண்ணு மிஷின்ல ஒண்ணு' என்று கூகுளில் தட்டிவிட்டு நேராக ஏதாவது ஓர் உள்பக்கத்தில் வந்து விழுகிறார்கள். அங்கே காத்திருப்பது பொடி எழுத்தில் ஒரு பிடிஎஃப். தாத்தா சிரித்தால் என்ன, முறைத்தால் என்ன.

பெங்களூரு ஆபீசுக்கு ஆட்களை வரவழைத்துச் சோதிக்கலாம் என்றார்கள். சேலத்திலேயே வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை. அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளியை ஒட்டவைக்கப் பொடி ஊதிப் பற்ற வைத்தே விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கிறது. நுனிக்கு நட்டநடுவில் ஊசியை வைக்கிறார், ரத்தம் வரவில்லை. பிசைந்து பிழிகிறார். பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு, துளியும் சுலபமாக வரும். இந்த ஒரு வரி தளத்தில் இருக்கிறது, பிடிஎஃபின் எங்கோ ஒரு மூலையில்.

அவர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். இடப்பக்கம் மிஷின், வலப்பக்கம் லேப். போன வாரம் வெறும் வயிற்றில் லேப் 150, அதே நேரத்தில் மிஷின் 168.

"ஏனுங்க, இது பொய் சொல்லுதுங்களா?"

சுகர் மிஷின்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 15197, 2013-ம் ஆண்டுப் பதிப்பு சொல்வது இது: சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் லேப் அளவிலிருந்து 15 மி.கி. முன்னே பின்னே போகலாம். 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம். நூறு அளவீடுகளில் 95 இந்த எல்லைக்குள் நின்றால் போதும். அவர் நோட்டிலேயே கணக்குப் போட்டேன். 150-க்கு 127.5-லிருந்து 172.5 வரை. 168 உள்ளேதான் இருக்கிறது.

"இதை டப்பா மேலயே போட்டிருக்கலாமுங்களே" என்றார்.

போடலாம்தான். தளத்தில் இப்போது இருப்பது 'மிகத் துல்லியம்' என்ற இரண்டு சொல். அதைப் படித்துவிட்டு 18 வித்தியாசம் பார்ப்பவர் மிஷினைப் பரணில் போடாமல் என்ன செய்வார்? மார்க்கெட்டிங்கில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், இந்தக் கணக்கு உதாரணத்தோடு பக்கத்தில் வரும்.

ஜனவரி 10, வெள்ளி

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவும் பனிமூட்டம். நாகலூர்ப் பக்கம் காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது. எடைக்குக் கூலி வாங்குகிறவர்களை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் அவர்கள் கூலி போய்விடும், அதனால் அன்றைய கூலியை முதலிலேயே கொடுத்துவிட்டோம். மிஷினில் செருகி ரத்தத் துளியைத் தொட வைக்கும் ஸ்ட்ரிப் இருக்கிறதே, அதில் ஒரு டப்பாவைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று கம்பெனி சொன்னது. வேண்டாம் என்றேன். ஓசியில் ஸ்ட்ரிப் வாங்கிய கையோடு யார் மிஷினைக் குறை சொல்வார்கள்?

ஓய்வு பெற்ற எஸ்டேட் கணக்குப்பிள்ளை வீடு. ஆயாவுக்கு இன்சுலின். மிஷின், ஸ்ட்ரிப், ஊசி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு இன்சுலினோடு ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்தார். சுகர் சாமான் எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று. எடுத்தார், ஸ்ட்ரிப்பைச் செருகினார். திரையில் சின்னதாக ஒரு தெர்மாமீட்டர் படம்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நேத்தும் இப்படித்தான் காய்ச்சல்னு காட்டுச்சு கண்ணு. உடம்பு சுடல. இருந்தாலும் ஒரு மாத்திரை போட்டுக்கிட்டேன்."

மிஷின் பொதுவாக 10-லிருந்து 40 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். ஃப்ரிட்ஜுக்குள் 2 முதல் 8. தனக்குக் குளிர்கிறது என்று மிஷின் சொல்லியிருக்கிறது, ஆயா பாராசிட்டமால் விழுங்கியிருக்கிறார். ஸ்ட்ரிப்புக்கும் இது ஆகாது. குளிரிலிருந்து வெளியே எடுத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். அதனுடைய டப்பாவிலேயே, மூடி இறுக்கி, சாதாரண அறையில் இருக்க வேண்டிய பொருள்.

அந்தப் படத்தை வரைந்தவர் என்னைப் போல ஒரு டிசைனர்தான். காய்ச்சல் பார்க்கிற கருவியின் படத்தைப் பார்த்து ஒரு நோயாளி வேறு எதை நினைப்பார்?

ஓசூரிலிருக்கும் மகனுக்கு ஆயா போன் போட்டார். அவர் அங்கே தளத்தைத் திறந்து, 'எந்த மாடல்மா?' என்கிறார். ஆயாவுக்கு மாடல் எங்கே தெரியும்? மிஷின் ஒருவர் கையில், தளம் இன்னொருவர் கையில். எங்கள் திட்டத்தில் இப்படி ஒரு பயனரே இல்லை.

மிஷின் அறைச் சூட்டுக்கு வருவதற்குள் எங்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். தோட்டத்துப் பழம், புளிப்பே தெரியவில்லை. பிறகு அதே கையோடு குத்திப் பார்த்தார்: 286. கூட வந்த சிஸ்டர் பதறாமல், "கையைத் தண்ணில கழுவிட்டு வாங்க ஆயா" என்றார். மறுபடி பார்த்தால் 171. 2011-ல் ஜப்பானில் இதையே சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஐந்து முறை துடைத்த பிறகும் அளவு ஏறித்தான் காட்டியது, தண்ணீரில் கழுவிய பிறகே சரியானது. எங்கள் தளத்தின் முதல் படத்தில் இருப்பது ஸ்பிரிட் பஞ்சு. குழாயைக் காணோம். இந்த 286-ஐ நம்பி யாராவது இன்சுலினைக் கூட்டிப் போட்டிருந்தால்?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

தளத்தின் புது மாதிரி தயார். மாடலைக் கேட்காமல், 'திரையில் என்ன தெரிகிறது?' என்று கேட்டுப் படங்களை வரிசையாக வைத்துவிட்டோம். போனில் மகன், "தெர்மாமீட்டர் மாதிரியா, பேட்டரி மாதிரியா?" என்று கேட்டுத் தொட்டால் போதும். பதில் நாலு வரி, பிடிஎஃப் இல்லை. மலையில் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் திறக்க வேண்டும்.

எஸ்யூஎஸ் மதிப்பெண், அதாவது பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று பயனர்களே போடும் மார்க், எவ்வளவு என்று கேட்டார்கள். 1986-ல் ஜான் புரூக் வகுத்த பத்து வாக்கியங்கள், 68 வந்தால் சராசரி. கூட்டத்தில் காட்டுவதற்கு நல்ல எண். ஆனால் காய்ச்சல் மாத்திரை போட்ட ஆயாவும் 'நல்லாத்தான் இருக்கு கண்ணு' என்று முழு மார்க் போடுவார். பையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தாரா, கையைக் கழுவினாரா, இதைத்தான் எண்ணப்போகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

கம்பெனியில் சட்ட விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டரி மேடத்தோடு மதியம் முழுக்க. கறாரான ஆள், எனக்கு அவரைப் பிடிக்கும். மருத்துவக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய சர்வதேசத் தரநிலையான ஐஈசி 62366-1, கருவியோடு வரும் கையேட்டையும் பயனர் இடைமுகத்தில் சேர்த்துத்தான் பார்க்கிறது. இந்த உதவிப் பக்கம் கையேட்டின் வேலையைச் செய்கிறது, ஆகவே விளம்பரக் கணக்கில் வராது என்றேன். ஒப்புக்கொண்டார். அடுத்த நொடியே, அப்படியானால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆவண எண், பதிப்பு எண், ஒப்புதல் கையெழுத்து எல்லாம் வேண்டும் என்றார். நியாயம்தான். குழாய்ப் படத்துக்கும் கூட.

கடைசிச் சண்டை 'ஹை' பக்கத்துக்கு. பெரும்பாலான மிஷின்களில் 600-ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் 'ஹை' என்றுதான் வரும். அந்தப் பக்கத்தின் உச்சியில் 'ஸ்ட்ரிப் வாங்க 10 சதவீதம் தள்ளுபடி' பட்டை. எல்லாப் பக்கத்திலும் தானாக வருகிறது, எடுக்க முடியாது என்றார்கள். மேடம் ஒரே வரி எழுதினார்: இது இருந்தால் கையெழுத்து இல்லை. பட்டை போய்விட்டது. இப்போது அங்கே முதல் வரி, கையைக் கழுவி உடனே இன்னொரு முறை பாருங்கள். மறுபடியும் 'ஹை' என்றால் டாக்டரை அழையுங்கள். வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் இருந்தால் 108.

திரையில் வரும் தெர்மாமீட்டர் படத்தை மாற்றுவது மிஷினுக்குள்ளேயே கை வைக்கிற வேலை, அடுத்த மாடலில் பார்க்கலாம் என்கிறார்கள். கோரிக்கையை எழுதி அனுப்பிவிட்டேன், ஆயா பேசியதன் ஒலிப்பதிவோடு. அதற்கு அவரிடம் தனியாகச் சம்மதம் வாங்கியிருக்கிறது.